காரணம் தெரியாத கால் அரிப்பு: ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் வழி

எலி சுரண்டுகிறது என்று நினைத்து ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி எழுந்து லைட்டைப் போட்டாள். "எலி இல்லைங்க, நீங்கதான்" என்றாள். நான் நல்ல தூக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு குதிகாலின் வெடிப்பை வைத்து இன்னொரு காலை அரம் போடுவது போலத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் போர்வையில் ரத்தப் புள்ளிகள்.

எனக்குக் கம்பம். வேலை கம்பம்மெட்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வண்டன்மேடு போகும் வழியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு. காலையில் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் போய்ச் சாயந்தரம் இறங்குகிற பிழைப்பு. மேலே ஈரமும் அட்டையும், கீழே காற்றும் வறட்சியும். முழங்காலுக்குக் கீழே மூன்று வருஷம் அரித்தது. ஆரம்பத்தில் தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, படை இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒண்ணுமே இல்லையேப்பா" என்பார்கள். அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் நான் வண்டுகடி எண்ணெய், மூன்று வகை சோப்பு, நாலைந்து ட்யூப் என்று காசைக் கொட்டினேன்.

கடைசியில் தெரிந்தது இதுதான்: என் காலுக்கு ஒரு காரணம் இல்லை, மூன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் அரிப்பை ஓட்டிக்கொண்டே இருந்தன. ஒற்றைக் காரணத்தையும் ஒற்றை மருந்தையும் தேடியதில்தான் மூன்று வருஷம் போனது. அதனால் இந்த வழிகாட்டியைக் கழித்தல் கணக்காக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டதும், படித்துச் சரிபார்த்ததும், என் காலில் பட்டதும் சேர்ந்தது இது.

காத்திருக்கக் கூடாதவை

இதில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, உள்ளே நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். சிவந்து சூடாகிப் பரவிக் காய்ச்சலும் வந்தால் தோலுக்கடியில் கிருமி இறங்கியிருக்கிறது. கண் மஞ்சளாகவோ சிறுநீர் கடுந்தேநீர் நிறத்திலோ இருப்பது. காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி உடை நனைகிற அளவு வியர்ப்பது. சர்க்கரை உள்ளவருக்குச் சொறிந்த இடம் புண்ணாவது. உதடு, தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் நிமிஷக்கணக்கு.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால், "வயிறு பெருசாகுது, அரிக்கத்தான் செய்யும்" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் பித்தம் தேங்குவதாலும் அப்படி அரிக்கும். அது குழந்தைக்கு ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இது எதுவும் இல்லை, ஆனால் ஆறு வாரத்துக்கு மேலாக அரிக்கிறது என்றால், அதைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள். அதற்குத்தான் மீதி.

பகல் வெளிச்சத்தில் கால்

ட்யூப்லைட்டில் பார்ப்பதெல்லாம் பார்ப்பதில்லை. காலை எட்டு மணி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கண்ணாடி போடுபவர் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பாருங்கள். கெண்டைக்காலின் பின்பக்கத்தை வீட்டில் யாரையாவது செல்போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

முதலில் பிரிக்க வேண்டியது, அரிப்புக்குக் காரணமான தோல் எது, சொறிந்ததால் வந்த தோல் எது என்பது. நீளக் கோடுகள், பொருக்குகள், கறுத்த தடிப்பு எல்லாம் நகம் போட்டவை. கை எட்டாத நடுமுதுகு சுத்தமாக இருந்து கை எட்டும் இடமெல்லாம் கீறலாக இருந்தால் தோலின் மேல் குற்றமில்லாமல் இருக்கலாம்.

அப்புறம் வடிவங்கள். ஓரம் சிவந்து செதிலாகி நடுவில் தெளிந்த வட்டம் என்றால் படர்தாமரை. தொடை இடுக்கையும் கால்விரல் இடுக்கையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை போல மெல்லிய வெடிப்பு ஓடினால் வறட்சி முற்றி எக்ஸிமா என்ற தோல் அழற்சி ஆகிறது. கீழ்க்காலின் முன்பக்கம் மணலில் காற்று வரி போட்டது போலச் சிறு மேடுகளாகப் பழுப்பேறியிருந்தால், அது பெரும்பாலும் வருஷக்கணக்கில் நார் போட்டுத் தேய்த்தவர்களின் கால். அமிலாய்டு என்ற புரதம் தோலில் படிவது அது. பேர்தான் பயமுறுத்தும், உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஊதா நிறத்தில் தட்டையான தடிப்பு இருந்தால் வாய்க்குள்ளும் வெள்ளை வலை போல இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். அரிப்பே இல்லாமல் வெளிறி, தொட்டால் உணர்வில்லாத தேமல் கண்ணில் பட்டால் அதையும் காட்டிவிடுங்கள்; தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

அடுத்தது வீட்டில் ஒரு விசாரணை: வேறு யாருக்காவது அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குளில் சின்னப் பருக்கள், படுத்ததும் அரிப்பு, பக்கத்தில் படுப்பவருக்கும் அரிப்பு என்றால் சிரங்கு. அது காலில் மட்டும் நிற்பது அபூர்வம். அதற்கு டாக்டர் தரும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் அரிக்காதவர்களும் அதே ராத்திரி பூச வேண்டும். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: அப்பா பூசுவார், பையன் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பான், மாதம் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து தினமும் பூசாதீர்கள், அதுவே தோலை எரிக்கும்.

நகத்தால் ஒரு கோடு

சின்ன வயதில் முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் குதித்துவிட்டு, தலையைத் துவட்டி ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்குள் நுழைவோம். அப்பா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காலைப் பிடித்து நகத்தால் ஒரு கோடு இழுப்பார். வெள்ளையாகக் கோடு நின்றால் அன்றைக்கு விளக்குமாறு நிச்சயம்.

அந்தக் கோடுதான் வறட்சிக்கும் சோதனை. குளித்துக் காய்ந்த காலில் மெல்ல இழுத்துப் பாருங்கள், சாக்பீஸ் போட்டது போல வெள்ளை நின்றால் தோலில் ஈரம் தங்கவில்லை. கீழ்க்காலின் முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. வயது ஏற ஏற இன்னும் குறையும். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து இறங்கும் காற்றைக் கேட்க வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி அரைமணி நேரத்தில் விறைத்துப் போகும். துணிக்கு நடப்பதுதான் காலுக்கும் நடக்கிறது.

ஊரில் காரணம் தெரியாத அரிப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். சுலபமானது என்பதாலேயே யாரும் ஒழுங்காகச் செய்து பார்ப்பதில்லை. "தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், கேட்கலை" என்பார்கள். விசாரித்தால் இரண்டு நாள், அதுவும் காய்ந்த காலில். மூன்று வாரம் விடாமல் இப்படிச் செய்யுங்கள்.

வெந்நீர் வேண்டாம். சுடச்சுட ஊற்றும்போது அரிப்புக்கு அப்படியொரு சுகமாக இருக்கும், எனக்குத் தெரியும். அந்தச் சூடு அரிப்பை ஐந்து நிமிஷம் அமுக்கிவிட்டு, தோலில் மிச்சமிருந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷத்துக்குள் குளியல். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் போதும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு சரியாக அலசிப் போகாது, அங்கே இன்னும் கவனம். நைலான் நாரும் பீர்க்கங்காய் நாரும் குளியலறையை விட்டே போக வேண்டும். என் நாரை நான் சைக்கிள் துடைக்கப் போட்டேன்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் முழுக்க உலரும் முன், மூன்று நிமிஷத்துக்குள், பூசுங்கள். தண்ணீரைப் பூட்டி வைப்பதுதான் எண்ணெயின் வேலை. உலர்ந்த காலில் பூட்ட என்ன இருக்கிறது? வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, மணம் சேர்க்காத மாய்ஸ்சரைசர் க்ரீம், வெறும் தேங்காய் எண்ணெய், எதுவானாலும் சரி. விலை அதிகமானது அதிகம் கேட்கும் என்பதில்லை. யூரியா கலந்த க்ரீம் தடித்த தோலுக்கு நல்லது, வெடிப்பு இருந்தால் எரியும். முடி சாய்ந்திருக்கிற திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள், எதிர்த் திசையில் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துப் பரு வரும்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறோம். காலையும் ராத்திரியும் பூசினால் இரண்டு காலுக்கு வாரம் 100 கிராமாவது தீர வேண்டும். மூன்று மாதமாக ஒரே டப்பா இருக்கிறது என்றால் நீங்கள் பூசவில்லை, காட்டியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை: ஜெல்லி ஊறிய கைலியும் நைட்டியும் சீக்கிரம் தீப்பிடிக்கும். விறகடுப்புப் பக்கம் அதோடு உட்காராதீர்கள். ஈரத் தரையில் எண்ணெய்க் காலோடு நடப்பதும் வேண்டாம்.

மூன்று வாரத்தில் பாதியாவது குறைந்தால் வறட்சிக்குப் பங்கு உண்டு என்று அர்த்தம், விடாமல் தொடருங்கள். துளியும் அசையவில்லை என்றால் வறட்சியைக் கழித்துவிடலாம். எனக்குப் பாதி குறைந்தது. மீதிப் பாதி கணுக்காலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.

காலில் மாட்டுவதும் காலில் படுவதும்

அரிப்பு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரப்பர் பூட்ஸின் விளிம்பு வரை மட்டும் அரித்தால் ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் காரணமாக இருக்கலாம். கொலுசு படும் வளையத்தில் மட்டும் என்றால் நிக்கல். கவரிங் கொலுசில் அது அதிகம். சாக்ஸ் எலாஸ்டிக், கறுப்பு லெக்கிங்ஸின் சாயம், புதுக் கைலியின் கஞ்சி என்று பட்டியல் நீளும். சந்தேகப்படுவதை இரண்டு மூன்று வாரம் முழுசாக நிறுத்திப் பார்ப்பதுதான் வீட்டுச் சோதனை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள்: சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்பது.

ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. மருந்து அடித்த தோட்டத்துக்குள் நடந்தால் நனைந்த பேண்ட் கால் முழுக்க மருந்தைத் தடவிக்கொண்டே வரும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள். ஜீப் ஏறும் முன்பே காலைக் கழுவி வேறு துணி மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று அட்டை. கடித்தபோது தெரியாது. அதன் எச்சிலுக்கு உடம்பு எதிர்த்து நிற்பதால் கடிவாய் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் அரிக்கும். சொறியச் சொறிய முடிச்சாகிவிடும். அட்டை சாக்ஸ் போடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

எருக்கம்பால், சேங்கொட்டை, பூண்டு அரைத்த விழுது, மண்ணெண்ணெய், தண்ணீர் கலக்காத கிருமிநாசினி: இவை அரிப்பை நிறுத்தும், தோலைச் சுட்டு நிறுத்தும். சேங்கொட்டை பட்டுக் கால் முழுக்கக் கொப்புளம் போட்ட ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன், அரிப்பு அவருக்கு மறந்தே போயிருந்தது.

சாயந்தரம் வீங்கும் கால்

நான் பார்த்த முதல் இரண்டு மூன்று டாக்டர்கள் என் காலை உட்கார வைத்தே பார்த்தார்கள். ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே எழுதிக் கொடுத்தார். குமுளிப் பக்கம் ஒரு டாக்டரம்மாதான், "சேட்டா, சாக்ஸ் ஊரிக்கே" (சாக்ஸைக் கழற்றுங்கள்) என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்கச் சொன்னார். நின்றதும் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே ரத்தநாளம் புழுவாகப் புடைத்தது. கீழே துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் ஒரு படலம். அது அழுக்கு என்று நான் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் நாளச்சுருட்டல், வெரிகோஸ் வெயின். ரத்தத்தை மேலே ஏற்றும் நாளங்களின் வால்வு தளர்ந்தால் ரத்தம் கீழே தேங்கும். கசிந்த ரத்த அணுக்களின் இரும்புதான் அந்தத் துரு நிறம். தோலில் படை எதுவும் வருவதற்கு முன்பே அரிப்பு மட்டும் வந்து நிற்கும். கணக்குப்பிள்ளை, டெய்லர், சமையல் மாஸ்டர், பஸ் கண்டக்டர், நாளெல்லாம் நிற்கிறவரும் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவரும் இதை விசாரிக்க வேண்டும்.

சாயந்தரம் சாக்ஸ் கழற்றியதும் பள்ளமாகத் தடம் நிற்கிறதா? கீழ்க்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? விழுந்தால், நாளங்களில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதுவரைக்கும், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தித் தினமும் இரண்டு மூன்று முறை கால்மணி நேரம் படுங்கள். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசைதான் அங்கே பம்பு. அழுத்தக் காலுறையைப் படுக்கையை விட்டு இறங்கும் முன் மாட்ட வேண்டும், வீங்கிய பிறகு மாட்டிப் பயனில்லை. சர்க்கரைக்காரரும் பீடி, சிகரெட் பழக்கமுள்ளவரும் பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே இதை மாட்டலாம். கீழே போகும் ரத்தமே குறைவாக இருக்கும் காலை அழுத்திக் கட்டினால் விபரீதம். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையும் காலை வீங்க வைக்கும்.

மாத்திரை என்றதும் ஒன்று. நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தம், யூரிக் அமிலம், கடும் வலி இவற்றுக்கான சில மருந்துகளால் அரிப்பு வருவதுண்டு. சில கொழுப்பு மாத்திரைகளில் தோல் வறளும். அரிப்பு தொடங்கியதற்கு முந்தைய மாதங்களில் எது புதிதாகச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றித் தருவார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "நல்லதா ஒரு க்ரீம்"

என் இரண்டாம் வருஷத்தைத் தின்றது இது. "அண்ணே, அரிப்புக்கு நல்லதா ஒண்ணு குடுங்க" என்றேன், அவரும் கொடுத்தார். இரண்டே நாளில் மாயம் போல நின்றது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பியது. எட்டு மாதம் அப்படிப் போனது. ஓரிடத்தில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து உள்ளே இருக்கும் சிறு ரத்தநாளமெல்லாம் தெரிந்தது.

அந்த ட்யூபில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த கலவை. படர்தாமரையில் இதைப் போட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் அடியில் சுகமாகப் பரவும். பிறகு வட்டமே தெரியாமல் டாக்டர் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத கோலத்துக்கு வந்துவிடும். தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை 2018-ல் மத்திய அரசு எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது, அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை. ட்யூபின் மேல் க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று எதைப் படித்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. பின்னால் எனக்குச் சரியானதும் அதே இன மருந்தால்தான். சரியான இடத்தில், சரியான நாள் கணக்கில். அளவுக்கு ஒரு எளிய முறை சொல்லிக் கொடுத்தார்கள்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபை ஒரு கோடாகப் பிதுக்கினால் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செட்டிரிசின் ஏன் கேட்பதில்லை

மேட்டுப் பக்கம் வேலி ஓரத்தில் பூனைக்காலிக் கொடி கிடக்கும். மலையாளத்தில் நாய்க்குரணை. அதன் காயின் பொன்னிறச் சுணை பட்டால் ஆள் கிறுகிறுத்துப் போவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் தூவி அடி வாங்காத தலைமுறை எங்கள் பக்கம் இல்லை. அரிப்பை ஆராய்கிறவர்கள் ஆய்வகத்தில் அதே சுணையைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரணம், அது கிளப்பும் அரிப்பு ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கும் ரசாயனம்) வழியாகப் போவதில்லை, நரம்பில் வேறு பாதை.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் அடைப்பது ஹிஸ்டமின் பாதையை மட்டும். தடித்துத் தடித்து மறையும் காணாக்கடிக்கு நன்றாகக் கேட்கும். வறட்சி, நாளச்சுருட்டல், சிறுநீரகம், நரம்பு இவற்றால் வரும் அரிப்பு பெரும்பாலும் வேறு வழியாகப் போவது. தூக்கம் வர வைக்கும் பழைய மாத்திரைகள் தூங்க வைத்துச் சமாளிக்கும். அதைப் போட்டுவிட்டு மேட்டு வளைவில் ஜீப் ஓட்டக் கூடாது. வயதானவர்கள் ராத்திரி எழுந்து தடுக்கி விழுவதும், சிறுநீர் அடைத்துக்கொள்வதும் நடக்கும்.

ராத்திரி

சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது? சொறிவது ஒரு சின்ன வலி, தண்டுவடத்தில் அந்த வலி அரிப்பை அமுக்குகிறது. நகத்தை எடுத்ததும் வலி போகும், புண்பட்ட தோல் இன்னும் அதிகமாக அரிக்கும். 1660-ல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர், சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு என்று அரிப்புக்கு இலக்கணம் சொன்னார். நம்மவர்கள் அதில் ஒரு பங்கு சுகத்தையும் சேர்த்து தினவு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது கிடைக்காமல் போயிற்று.

அந்தச் சுகம்தான் என் மூன்றாவது காரணம். டி.வி. பார்க்கும்போது, கணக்குப் போடும்போது, அரிக்காமலே என் கை வலது காலின் ஒரே இடத்துக்குப் போகும். அங்கே தோல் மாட்டுத்தோலாகத் தடித்திருந்தது. மனவுறுதியால் இதை நிறுத்த முடியாது, நான் பார்த்துவிட்டேன். கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அரித்தால் ஈரத்துணியை ஐந்து நிமிஷம் ஒற்றி வைப்பது, உள்ளங்கையால் அழுத்துவது, ஃப்ரிட்ஜில் வைத்த க்ரீமைப் பூசுவது. மென்தால் கலந்த க்ரீம் சில்லென்று ஏமாற்றும். பொருக்கு உள்ள இடத்தில் வேண்டாம். காலமைன் லோஷன் வறண்ட காலை இன்னும் வறட்டும். நகத்தை ஒட்ட வெட்டி அரம் போடுங்கள். படுக்கும்போது மெல்லிய பருத்திப் பைஜாமா, தடித்த இடத்துக்கு மட்டும் துணிக்கட்டு. குதிகால் வெடிப்பையும் சரிசெய்யுங்கள், என் கதையில் ஆயுதம் அதுதான்.

டாக்டரிடம் என்ன சொல்வது

"சொறிச்சில் ராத்திரியிலாணோ கூடுதல்?" என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது நான் நோட்டைப் பிரித்தேன். பத்து நாள் எழுதியிருந்தேன்: எத்தனை மணி, எந்த இடம், பத்துக்கு எத்தனை, அதற்கு முன் என்ன செய்தேன். கால்மணி நேரத்தில் மூன்று வருஷத்தைச் சொல்ல அது போதும்.

வெறுமனே "அரிக்குது" என்று நிறுத்தாதீர்கள். நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. பூச்சி ஊர்வது போல ஊறல், நமநமவென்று நமைச்சல், மிளகாய் பட்டது போல எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு. எரிச்சல், குத்தல், மதமதப்பு சேர்ந்து, தோலில் ஒன்றுமில்லாமல், ஐஸ் வைத்தால் மட்டும் அடங்குகிறது என்றால் டாக்டரின் யோசனை நரம்புப் பக்கம் போகும்: சர்க்கரையால் நரம்பு பழுதானதா, இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நரம்பு நசுங்குகிறதா என்று. குளித்து முடித்ததும் பார்வைக்கு ஒன்றுமில்லாமல் அரித்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தில் சிவப்பணு கூடுகிற நோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

பார்வைக்கு ஒன்றும் தெரியாமல், மூன்று வார எண்ணெய்க்கும் அடங்காமல் இருந்தால் இந்தப் பரிசோதனைகளை எதிர்பார்க்கலாம்: முழு ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று), சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் சோதனை, தைராய்டு, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக்கு), சிறுநீர். தேவைப்பட்டால் மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ். இரும்புச்சத்துக் குறைவால் மட்டுமே அரிப்பதும் உண்டு, நம் வீட்டுப் பெண்களுக்கு இதை முதலில் பார்க்கலாம். கம்பம், சின்னமனூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போவார்கள். எங்கே போனாலும் பழைய ட்யூப்களின் காலி உறைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அரித்தால் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது, காபாபென்டின் போன்ற நரம்பு மாத்திரை, புற ஊதாக் கதிர் சிகிச்சை என்று அடுத்த படிகள் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதும் வழக்கம். சில காரணங்கள் தாமதமாகத்தான் முகம் காட்டும்.

என் கால் இப்போது பத்துக்கு ஒன்று, இரண்டில் நிற்கிறது. சாக்ஸ் மாட்ட மறந்த நாளில் நான்கு. கறுத்த தடங்கள் மங்க ஒரு வருஷம் ஆனது, வெளுக்கும் க்ரீம் எதுவும் போடவில்லை. ஆனி பிறக்கும் முன்பே ஜெல்லி டப்பாவைக் குளியலறை ஜன்னலில், துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். பீரோவில் இருந்தால் எடுத்து வருவதற்குள் கால் காய்ந்துவிடுகிறது.